பெருவயிறன் ஆண்ட தேசம்

ஆதிமொழியில் நடந்த முதல் சண்டை ஒரு கழுவாத கோப்பையைப் பற்றியது.

ஓமான் நாட்டின் தென்கோடியில், சலாலா நகரில், கடலைப் பார்த்த ஒரு மாடிவீட்டுச் சமையலறையில் அது நடந்தது. சண்டையைத் தொடங்கியவள் வடிவு. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் மொழியியல் நடத்துபவள். நாற்பதைத் தொட்டும் கல்யாணப் பேச்சைத் தொடாதவள். எதிரே நின்றவர் ஷாமுராத். பாகிஸ்தானின் கலாத் மலைப்பக்கத்துக்காரர். சலாலாவில் ஒட்டகங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய தாய்மொழி பிராகூயி. தமிழுக்கும் தெலுங்குக்கும் தூரத்து உறவு அது. உறவுக்காரர்கள் எல்லாம் தெற்கே இருக்க, வடமேற்கு மலைகளில் தனியாக உட்கார்ந்திருக்கும் மொழி.

"கோப்பையை யார் கழுவுவது?" என்று கேட்க ஆதிமொழியில் சொல் இருந்தது. "நேற்றும் நான்தானே கழுவினேன், உங்களுக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்க இல்லை. வடிவு யோசித்துப் பார்த்துவிட்டு, "உன் தலை கல்!" என்றாள்.

ஷாமுராத் அவளைவிட அதிக நேரம் யோசித்தார். "உன் வாய் தீ!" என்றார்.

அடுத்த வசைக்காக இருவரும் மனத்துக்குள் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. எதிரெதிரே மூச்சு வாங்க நின்றபடி, சொல்லில்லாமல் முறைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் துடித்தது ஷாமுராத்தின் மீசை. அதைப் பார்த்ததும் வடிவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோப்பையை அவரே கழுவினார்.

சுவரில் பதித்திருந்த ஒலிவாங்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் காரணம் காளத்திநாதன். நாகப்பட்டினத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்து, சலாலா துறைமுகத்தில் சரக்குத் தொழிலில் வளர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர். பெரிய மனசு, அதைவிடப் பெரிய வயிறு. அவருக்கு ஒரே ஓர் ஆசை. "திராவிட மொழி அத்தனையும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு சொல்றீங்க. சரி, அந்தத் தாய் எந்த ஊர்க்காரி? அங்கேர்ந்து யாரு கிளம்பி எங்க போனாங்க? இதை மட்டும் கண்டுபிடிச்சிருங்க டாக்டரம்மா, நான் நிம்மதியா கண்ணை மூடிருவேன்" என்று வடிவிடம் சொல்லியிருந்தார்.

கண்டுபிடிப்பதற்கு ஓர் இயந்திர மூளையும் ஏற்பாடாகியிருந்தது. அதற்கு மூதாய் என்று பெயர். அதைக் கட்டியவள் சித்தூர்ப் பெண் நீலவேணி. வீட்டில் தெலுங்கு, வாயில் தமிழ், விரலில் கணினி.

வந்த அன்று அவள்தான் விளக்கினாள். "மூதாய்கிட்ட எம்பது மொழி இருக்குக்கா. எல்லாத்தையும் பின்னாடி ஓட்டிப் பார்த்து, அம்மா மொழி எப்படி இருந்திருக்கும்னு அதுவே கட்டிடும். ஆனா கட்டின மொழி கடையில இருக்கற மீன் மாதிரி. தண்ணியில விட்டாத்தான் நீந்துதா மிதக்குதான்னு தெரியும். நீங்கதான் தண்ணி."

"நான் மட்டுமா?"

"இந்தக் குடும்பத்துல ஒரு கோடி நீங்க, இன்னொரு கோடி அவரு. ரெண்டு பேர் வாயிலயும் ஒரு சொல் சிரமமில்லாம புரண்டா, அது பழசா இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு பேரும் இந்த வீட்டுலயே தங்கணும், உள்ள வேற மொழி பேசக் கூடாது. அவ்வளவுதான்."

"பேசுனா என்ன செய்யும்?"

"மூதாய் மயில் மாதிரி அகவும்."

முதல் வாரம் அந்த வீடு மயில்தோப்பாக இருந்தது. கீழ்வீட்டு மலையாளிக் குடும்பம் மேலே வந்து, பறவை வளர்க்க இங்கே அனுமதி உண்டா என்று விசாரித்தது. மெல்ல மெல்ல மயில் அடங்கியது. உண்மையில் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வடிவுக்குத் தமிழும் ஆங்கிலமும். ஷாமுராத்துக்குப் பிராகூயி, பலூச்சி, உருது, அரபி. ஆங்கிலமும் கொஞ்சம் உண்டு. ஆனால் அது ஒட்டகத்தின் குடல்நோய்களோடு நின்றுவிட்டது. மனிதர்களிடம் பேச உதவாது.

ஆதிமொழியில் கண் இருந்தது, கல் இருந்தது, பால் இருந்தது, வில் இருந்தது. ஃபிரிட்ஜ் இல்லை. அதைக் காட்டி ஷாமுராத் ஒருநாள் "பனிவீடு" என்றார். வடிவு கைதட்டினாள். அன்றிலிருந்து இருவருக்கும் பித்துப் பிடித்தது போலாயிற்று. லிஃப்டுக்கு "ஏறும் கிணறு" என்று பெயர் வைத்தார்கள். ஒட்டகம் "நெடுங்கழுத்து". சலாலாவின் மலைகளில் விளைகிற சாம்பிராணி மரம் "புகைமரம்". ஜூன் மாதம் பிறந்ததும் கடலிலிருந்து ஏறி வந்து மலைகளையெல்லாம் பச்சையாக்கிவிட்டுப் போகும் அந்த ஊர்ப் பனிமூட்டம் "நிலப்புகை". வாரம் ஒருமுறை வந்து, இருவரையும் எழுந்து நிற்கவைத்து, முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் காளத்திநாதனுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். "பெருவயிறன்." அவர் படியிறங்கும் ஓசை ஓயும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள்.

தனக்கு என்ன நேர்கிறது என்று வடிவுக்குத் தெரியாமல் இல்லை. தமிழில் அவள் பேசினால் வாக்கியத்துக்கு முன்னால் யோசனை வந்து நிற்கும். இவர் என்ன நினைப்பார், இப்படிச் சொல்லலாமா, இது நம் வயசுக்குத் தகுமா என்றெல்லாம். ஆதிமொழியில் அதற்கெல்லாம் சொல்லே கிடையாது. பசித்தால் பசி. கோபம் என்றால் தீ. ஒரு மாலை ஒட்டகப்பண்ணையிலிருந்து வரத் தாமதமான ஷாமுராத்திடம், "நீ இல்லை. வீடு இருட்டு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. காது சுட்டது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று, "நான் வந்தேன்" என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று வாக்கியத்திலேயே ஒரு வாரம் மிதந்தாள் வடிவு.

மூதாய் தன் முடிவைச் சொன்ன நாளில் நீலவேணி மாடிப்படியில் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"அக்கா! புள்ளி விழுந்திடுச்சு!"

"எங்க விழுந்துட்டு?"

"இங்க!"

வரைபடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. சலாலாக் கடற்கரை. அங்கிருந்து அம்புக்குறிகள் கடலோரமாகவே கிளம்பி, பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரையைத் தாண்டி, கலாத் மலையேறி, பிறகு தெற்கே தெற்கே என்று வழிந்து தென்காசி தாண்டிக் குமரி வரை வந்திருந்தன. கடலோரம், பச்சை மலை, நிலத்தில் தவழும் புகை, மணக்கும் மரம், நீண்ட கழுத்துள்ள விலங்கு. இவை எல்லாம் ஒன்றாக இருந்த இடத்தில்தான் அந்த மொழி பிறந்தது என்றது மூதாய்.

வடிவுக்கு உள்ளே எங்கோ ஒரு நெருடல் எழுந்தது. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தேடின விடை கண்முன் மின்னும்போது நெருடலுக்கு யார் காது கொடுப்பார்கள்? நீலவேணி அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். ஷாமுராத் கலாத் நாட்டு ஆட்டம் ஒன்றை ஆடினார். கீழ்வீட்டார் மறுபடியும் மேலே வந்தார்கள். இந்தமுறை அவர்களும் ஆடினார்கள்.

செய்தி சலாலாவில் காட்டுத்தீயாய்ப் பரவியது. அதுவரை அந்த ஊரில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லாம் சுவரோரமாக நடப்பவர்கள். விசா முடியும் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டே வாழ்பவர்கள். மறுநாளிலிருந்து அவர்கள் நடை மாறியது. கொத்தனார்கள் மதிய இடைவேளையில் கடற்கரைக்குப் போய் மணலை அள்ளி முகர்ந்து பார்த்தார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் பெயர்ப்பலகையில் 'ஆதி' என்று ஒரு சொல்லைக் கூட்டிக்கொண்டார். உள்ளூர் ஓமானியர்களுக்கும் குஷிதான். "சொந்தக்காரங்களே, இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க?" என்று கேட்டுப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள்.

ஷாமுராத்தின் மாமா குதா பக்‌ஷ், பெரிய வெள்ளைத் தலைப்பாகையோடு விமானத்தில் வந்து இறங்கினார். கூடவே நாலைந்து பெரியவர்கள். எங்கிருந்தோ வழிதவறி வந்து மலையில் ஒண்டிக்கொண்டவர்கள் என்று அக்கம்பக்கத்தார் காலங்காலமாகக் கேலி செய்த கூட்டம் அது. இப்போது வரைபடத்தில், தாய்வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் முதலில் தங்கிய இடமே அவர்கள் மலை. மாமா அந்த வரைபடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை வடிவு பார்த்தாள்.

உலகத்துக்கு அறிவிக்கும் விழா ஒரு பெரிய மண்டபத்தில், காலை வேளையில். வடிவு பட்டுப்புடவையில் வந்திருந்தாள். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் காளத்திநாதன் தன் உரையை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கமாகப் போனபோது அவர் குரல் உச்சத்தில் இருந்தது.

"நம் ஆதிக்குடியின் தலைவனை நம் முன்னோர் எப்படி அழைத்தார்கள் தெரியுமா? பெருவயிறன்! அவன் வந்தால் அனைவரும் எழுந்து நின்றார்கள். அவன் சென்ற பின்னரே அமர்ந்தார்கள். அமர்ந்து, ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள்!"

வடிவு அப்படியே திரும்பி அரங்குக்குள் ஓடினாள்.

நீலவேணியை அரங்கின் ஓரத்தில் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏளா, எங்க வீட்டுப் பேச்சை மூதாய் என்ன செஞ்சுது?"

"அது சும்மா உச்சரிப்புச் சோதனைக்குத்தானேக்கா."

"பெருவயிறன்னு ஒரு சொல் எந்த மொழியிலயும் கிடையாதுளா. அது நாங்க வச்ச பேரு. காளத்தி சாருக்கு!"

நீலவேணியின் முகம் வெளுத்தது. மடிக்கணினியைத் திறந்து தட்டினாள். "தனியா வைக்கச் சொன்னதா நெனச்சேன்... சொல்லலைக்கா. அதுக்கு எழுத்துச் சாட்சியைவிட வாய்ச்சாட்சி பெருசு. உலகத்துல அந்த மொழியை வாயால பேசறது நீங்க ரெண்டு பேருதான். எம்பது மொழியும் சேர்ந்து ஒண்ணு சொன்னாலும், நீங்க சொல்றதைத்தான் அது நம்பும்."

"எங்க சமையல்கட்டை எடுத்துட்டு ஓட்டு."

ஓட்டினாள். சிவப்புப் புள்ளி நனைந்த காகிதத்து மை போல ஊறிப் பரவியது. சிந்துவைத் தொட்டது, கோதாவரியைத் தொட்டது, இன்னும் எங்கெங்கோ தொட்டு வெளிறிப்போனது. தெரியவில்லை என்பதைத்தான் மூதாய் அவ்வளவு அழகாகச் சொன்னது.

முன்வரிசையில் ஷாமுராத் தன் மாமாவுக்குத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வடிவு அவரைத் தூணருகே அழைத்தாள். ஆதிமொழியில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"படம் பொய். அந்தப் புள்ளி நம் வீடு. பனிவீடு, நிலப்புகை, பெருவயிறன். நம் சொற்கள்."

அவருக்கு உடனே புரிந்தது. திரும்பி மாமாவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீயும் நானும் சொல்லாவிட்டால்?"

வடிவிடம் அதற்குப் பதில் இருந்தது. அந்த மொழியில் சொல் இல்லை. கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கண் கலங்கியதை அவர் கவனித்தார். தாடியைத் தடவிக்கொண்டே, "என் மக்களிடம் நான் சொல்வேன். நீ உன் மக்களிடம் சொல்" என்றார்.

இருவரும் ஒன்றாக மேடையேறினார்கள். பெருவயிறன் கதையைத் தமிழிலும் உருதுவிலும் சொல்லி உரையை முடித்திருந்த காளத்திநாதன் மைக்கை நீட்டிவிட்டு முகம் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவது வடிவுக்குச் சித்திரவதையாக இருந்தது. ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னாள். ஃபிரிட்ஜைச் சொன்னாள், லிஃப்டைச் சொன்னாள், புள்ளி எப்படி விழுந்தது என்று சொன்னாள். "தப்பு எங்களோடது. நாங்க எங்க பிறந்தோம்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்ச மாதிரி உங்களை ஒரு வாரம் நடக்க வச்சிட்டோம். மன்னிச்சிருங்க." அவள் நிறுத்துமிடமெல்லாம் பக்கத்தில் ஷாமுராத் பிராகூயியில் சொல்லிக்கொண்டு வந்தார்.

பின்வரிசையில் வேலையுடுப்போடு வந்திருந்த கொத்தனார் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மாமா குதா பக்‌ஷ் எழுந்து ஏதோ உரக்கக் கேட்டார். ஷாமுராத் தயங்கினார். மாமா மறுபடியும் கேட்டார். வேறு வழியில்லாமல் ஷாமுராத் அதை ஆதிமொழியில் வடிவிடம் சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"பெரியவர் என்னம்மா கேக்கறாரு?" என்றார் காளத்திநாதன்.

"வந்து... தலைவன் பெருவயிறன்னு ஒருத்தரைச் சொன்னீங்களே, அவரு யாரு, அவரும் பொய்யான்னு கேக்காங்க."

சொல்லிவிட்டு வடிவு தரையைப் பார்த்தாள். ஷாமுராத் கூரையைப் பார்த்தார். காளத்திநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"நானா?"

முதலில் குலுங்கியது அந்த வயிறுதான். அப்புறம் தோள், அப்புறம் முழு ஆளும். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பு மண்டபம் முழுக்க உருண்டது. மலையாளிகள் சிரித்தார்கள், தெலுங்கர்கள் சிரித்தார்கள். விஷயம் பிராகூயியில் போய்ச் சேர்ந்ததும் மாமா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. கொத்தனார்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு காளத்திநாதன் அவளை ஓரமாக அழைத்தார். சிரிப்பு போயிருந்தது. "இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து நான் விருந்தாளி டாக்டரம்மா. இந்த ஒரு வாரம் வீட்டுக்காரனா நடந்தேன். சுகமா இருந்துச்சு. அதுக்காகப் பொய்யிலயே இருந்துட முடியுமா? சொன்னது சரிதான்." போகிற போக்கில் திரும்பி, "ஆனா அந்தப் பேரு கொஞ்சம் அதிகம்" என்றார்.

ஆய்வுக்கு அத்தோடு மூடுவிழா. மாமா ஊருக்குத் திரும்பினார்; போகும்போது வடிவின் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். ஷாமுராத் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். வடிவு மாடிவீட்டில் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். கல்லூரி திறந்துவிட்டது, வெள்ளிக்கிழமை விமானம். ஷாமுராத் உதவுகிறேன் பேர்வழி என்று வந்து, அடுக்கிய புடவைகளை எடுத்து வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நீலவேணி கணினியோடு நுழைந்தாள். "மூதாயைக் கழுவித் துடைச்சாச்சுக்கா. சும்மா இருக்காம உங்க சமையல்கட்டுப் பேச்சைத் திரும்பப் போட்டு, இது எந்த மொழின்னு கேட்டேன்."

"என்னங்குது?"

"ஆதிமொழி இல்லையாம். தமிழும் இல்ல, பிராகூயியும் இல்ல. எம்பதுலயும் சேராதாம். மொழிக் குடும்ப மரத்துல அடியில போய்த் தேடாதே, நுனியில பாருன்னு புதுசா ஒரு கிளை வரைஞ்சிருக்கு. பொறந்தது சலாலாவுலயாம். வயசு ஒரு வருஷம்கூட இல்ல." அவள் சிரித்தாள். "இடம் சரிதான்க்கா. காலம்தான் தப்பு."

வடிவு திரையைப் பார்த்தாள். பெரிய மரத்தின் உச்சியில், தளிர் போல ஒரு சின்னக் கோடு. அதன் கீழே மூதாய் இரண்டு குறிப்புகள் எழுதியிருந்தது. பேசுபவர்கள்: இருவர். நிலை: அழியும் ஆபத்து.

ஷாமுராத்துக்காக அதைப் புதுமொழியில் சொன்னாள். அவர் கையிலிருந்த புடவையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"நீ போனால் மொழி சாகும்."

நீலவேணிக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் அவள் சத்தமில்லாமல் கணினியை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வடிவு ஜன்னலருகே போனாள். வெளியே நிலப்புகை மலையிறங்கி வந்துகொண்டிருந்தது. கைபேசியை எடுத்துக் கல்லூரி முதல்வரை அழைத்தாள்.

"சார், எனக்கு நீண்ட விடுப்பு வேணும்."

"எதுக்கும்மா? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். ஒரு மொழி அழிஞ்சிபோற நிலைமையில இருக்கு. நான் இங்க இருந்தாத்தான் பிழைக்கும்."

முதல்வர் கடமையுணர்ச்சி மிக்கவர். விண்ணப்பத்தில் எழுதுவதற்காகப் பேனாவைத் தேடும் ஓசை கேட்டது. "நல்ல காரியம்தான். எந்த மொழி?"

வடிவு திரும்பிப் பார்த்தாள். ஷாமுராத் பெட்டியிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் பேரு வைக்கலை சார்" என்றாள்.